உங்களுக்குத் தெரியுமா? வீக்கம் வடிக்கும் மருந்துகள்: தாம்பரம் முதல் திருக்கழுக்குன்றம் வரை

● காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் நாம் சட்டென்று வாயில் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமாலுக்கு வீக்கத்தை வடிக்கும் சக்தி அநேகமாக இல்லை. கணுக்கால் சுளுக்கினால் வலி குறையும், வீக்கம் அப்படியே நிற்கும். வலியையும் வீக்கத்தையும் சேர்த்துப் பிடிப்பவை ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் வகையறா. அந்தக் கூடுதல் வேலைக்கான கூலியை வயிறும் சிறுநீரகமும் கொடுக்க வேண்டியிருக்கும்.

● சிவப்பு, சூடு, வீக்கம், வலி. அழற்சிக்கு இந்த நான்கு அடையாளங்களையும் முதல் நூற்றாண்டிலேயே ரோமானியரான செல்சஸ் எழுதி வைத்துவிட்டார். அடிபட்ட இடத்துக்கு ரத்தத்தைக் கூட்டி, வெள்ளை அணுக்களை வரவழைத்து, உடம்பு தன் பழுதைத் தானே பார்க்கும் வேலை அது. வேலை முடிந்த பிறகும் ஆட்கள் கலைந்து போகாவிட்டால்தான் வைத்தியம் தேவை.

● ஆஸ்பிரின் கடைக்கு வந்தது 1899-ல். அது உடம்புக்குள் என்ன செய்கிறது என்பது தெரிந்தது 1971-ல்! எழுபது ஆண்டுகளுக்கு மேல் உலகம் அதைக் காரணம் தெரியாமலேயே விழுங்கியது. பிரிட்டனைச் சேர்ந்த ஜான் வேன் விடையைக் கண்டுபிடித்தார்: புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடம்பில் உருவாவதை ஆஸ்பிரின் தடுக்கிறது. 1982-ல் நோபல் பரிசு. வீக்கத்தையும் வலியையும் கிளப்புவது புரோஸ்டாகிளாண்டின்தான். ஆனால் அதே பொருள்தான் இரைப்பையின் உள்சுவரை அமிலத்திலிருந்து காக்கிறது, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்கிறது. ஒன்றை நிறுத்தினால் மற்றதும் நிற்கும். வலி மாத்திரை போட்டவருக்கு வயிறு எரிவதும், நாள்பட்டால் புண்ணாவதும் இதனால்தான். ‘சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள்’ என்ற எச்சரிக்கை எரிச்சலைக் குறைக்குமே தவிர, ரத்தத்தில் கலந்து வந்து செய்யும் வேலையை நிறுத்தாது.

● கத்திரி வெயில், கட்டட வேலை, நாள் முழுக்க இரண்டே சொம்புத் தண்ணீர், இரவில் உடம்பு வலிக்கு ஒரு மாத்திரை. பழைய மகாபலிபுரம் சாலையின் கட்டடங்களில் வேலை செய்பவர்களுக்கு இந்தக் கடைசி மாத்திரைதான் ஆபத்து. நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகம் புரோஸ்டாகிளாண்டினை நம்பித்தான் ஓடுகிறது. பிரஷர் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை இரண்டும் எடுக்கும் முதியவர் மூன்றாவதாக வலி மாத்திரையைச் சேர்த்தாலும் இதே கதைதான்.

● ஐப்பசி, கார்த்திகை மழை விட்டதும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தேங்கும் தண்ணீரோடு டெங்குவும் வரும். டெங்கு என்று சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் எதுவும் கூடாது. ஊசியாகவும் கூடாது. ஏற்கெனவே தட்டணுக்கள் குறைந்துகொண்டிருக்கும் ரத்தத்தில் இவை கசிவைக் கூட்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். வீக்கத்தைத் தொடாத அதன் ‘கையாலாகாத்தனம்’ இங்கே வரமாகிறது.

● தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துக்குப் பெயர் கொடுத்த மருத்துவமனையைத் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சவுரிமுத்து. ஆண்டு 1928. அதற்கு முன்பு இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் காசநோய் இல்லம் நடத்திவந்தார். 1917-ல் அங்கே அவரிடம் நோயாளியாகச் சேர்ந்தவர்களில் ஒருவர் கணிதமேதை ராமானுஜன். அப்போது காசநோய்க்கு மருந்தே கிடையாது. திறந்த ஜன்னல், நல்ல காற்று, ஓய்வு, சாப்பாடு, அவ்வளவுதான். தாம்பரத்தை சவுரிமுத்து தேர்ந்தெடுத்ததும் காற்றுக்காகவே. இன்றைய ஜி.எஸ்.டி. சாலையில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தால் நம்ப முடியாது! 1937-ல் மருத்துவமனையை அரசு ஏற்றுக்கொண்டது. இப்போது அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

● அந்த மருத்துவமனைக்கும் நம் விஷயத்துக்கும் என்ன சம்பந்தம் என்றால், காசநோயும், வீக்கத்தை அடக்கும் இன்னொரு மருந்து வகையான ஸ்டீராய்டும் ஜென்மப் பகையாளிகள், சில சமயம் சிநேகிதர்களும்கூட. நம்மில் பலருடைய நுரையீரலில் காசக் கிருமி தூங்கிக்கொண்டிருக்கிறது. வெள்ளை அணுக்கள் அதைச் சுற்றி வளைத்து ஒரு முடிச்சாகக் கட்டி வைத்திருக்கின்றன. அந்த முடிச்சும் ஒருவகை அழற்சிதான். ஸ்டீராய்டை மாதக்கணக்கில் விழுங்கினால் முடிச்சு தளர்கிறது, கிருமி எழுந்துகொள்கிறது. முடக்குவாதத்துக்குப் போடும் விலையுயர்ந்த இன்ஃபிளிக்ஸிமாப், அடாலிமுமாப் ஊசிகளிலும் இதே ஆபத்து உண்டு; இன்ஃபிளிக்ஸிமாபில் இது 2001-ல் வெளிப்பட்டது. அதனால்தான் அந்த ஊசிக்கு முன்பு மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் கேட்கிறார்கள். ‘மூட்டு வலிக்கு வந்தால் நெஞ்சை ஏன் படம் எடுக்கிறார்கள்’ என்று அலுத்துக்கொள்ள வேண்டாம்.

அதே ஸ்டீராய்டு, காசநோய் மூளையுறைக்குப் பரவிவிட்டால் உயிர் காக்கும். கிருமியைக் கொல்லும் மருந்துகளோடு டெக்ஸாமெத்தசோனும் கொடுத்தால் மரணம் குறைகிறது என்பதை வியட்நாமில் 545 நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2004-ல் காட்டியது. மண்டை ஓட்டுக்குள் வீங்க இடமில்லை. வீக்கமே ஆளைக் கொன்றுவிடும்.

● கொரோனாவில் உயிர் காப்பதாக முதலில் நிரூபணமான மருந்தும் டெக்ஸாமெத்தசோன்தான். 2020 ஜூன் மாதம், பிரிட்டனில். செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கோ எந்தப் பலனும் இல்லை. இந்த இரண்டாவது வரியை நம் ஊரில் பலர் படிக்கவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சலுக்கே ஸ்டீராய்டு எடுத்தவர்கள் எத்தனையோ பேர்.

● இரவு ஏழரை மணிக்கு சேலையூர், செம்பாக்கம் பக்கம் ஒரு மருந்துக்கடை வாசலில் நின்றால் இப்படி ஒரு பேச்சு காதில் விழக்கூடும்.

“அண்ணே, அம்மாவுக்கு முட்டி வலி. ரெண்டு நாளைக்கு ஒரு செட் போட்டுக் குடுங்க.”

“சாப்பிட்டுட்டுப் போடச் சொல்லும்மா.”

கத்தரிக்கோல் அட்டைகளை வெட்டுகிறது. ஒரு பெரிய மாத்திரை, ஒரு மஞ்சள், குட்டியாய் ஒரு வெள்ளை. காகித உறைக்குள் போனதும் பெயர், தேதி எதுவும் கிடையாது. அந்தக் குட்டி வெள்ளை பல இடங்களில் ஸ்டீராய்டு. மறுநாள் காலை அம்மா எழுந்து நடப்பார். ‘கைராசிக் கடை’ என்று பெயர் பரவும். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. ஸ்டீராய்டு உள்ளே போனால் ரத்தச் சர்க்கரை கிடுகிடுவென ஏறும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் முகம் உருண்டு, எலும்பு மெலிந்து, தோல் காகிதமாகும். அதைவிட மோசம், திடீரென்று நிறுத்துவது. வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்ததால் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி தன் சரக்கைத் தயாரிப்பதை நிறுத்தியிருக்கும். சட்டென்று விட்டால் ரத்த அழுத்தம் சரிந்து ஆளே சாயலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அதுவும் மருத்துவர் சொல்லும் கணக்கில்.

‘ஒரே வாரத்தில் மூட்டு வலி மாயம்’ என்று விற்கும் பெயரில்லாப் பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது. இயற்கை மருந்து ஒரே இரவில் இப்படி வேலை செய்தால் சந்தேகப்படுவதே புத்திசாலித்தனம்.

● படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த களிம்பு தடவினால் அரிப்பு அன்றே நிற்கும், பூஞ்சை மட்டும் உள்ளே கொண்டாட்டமாக வளரும். 2018-ல் மத்திய அரசு இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் அப்படி, கடை வேறு.

● ‘இன்ஹேலர் பழகிவிடும், மாத்திரையே தேவலை.’ பல்லாவரம் முதல் பெருங்களத்தூர் வரை ஆஸ்துமாக்காரர் வீட்டில் யாராவது ஒருவர் இதைச் சொல்லியிருப்பார். ஆஸ்துமா என்பதே மூச்சுக்குழாயின் அழற்சி. வீங்கிய இடத்துக்கே மருந்தைக் கொண்டுபோவது இன்ஹேலர். ஒரு முறை இழுத்தால் போகும் புடெசொனைடு என்ற ஸ்டீராய்டு பொதுவாக 200 மைக்ரோகிராம். ஒரு பிரெட்னிசொலோன் ஸ்டீராய்டு மாத்திரை 5 மில்லிகிராம் என்றால் 5000 மைக்ரோகிராம், அது உடம்பு முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் நுரையீரலுக்கு வரும். (எடைக்கணக்கு மட்டும்தான் இது, வீரியக் கணக்கு வேறு.) இழுத்து முடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் வாய்க்குள் வெள்ளைப் பூஞ்சை படரும்.

● பல் பிடுங்கினாலும் கால் சுளுக்கினாலும் நம் ஊர்ச் சீட்டுகளில் இடம்பிடிக்கும் ‘செராட்டியோபெப்டிடேஸ்’ பட்டுப்புழுவின் குடலில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து பிறந்தது. வீக்கத்தைக் கரைக்கும் என்று ஜப்பானின் டகேடா நிறுவனம் பல்லாண்டுகள் விற்றது. வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வில் வித்தியாசம் தெரியாததால், 2011-ல் அந்த நிறுவனமே அதைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. இங்கே இன்னும் அமோக விற்பனை.

● தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள் ஓர் அழற்சி மருந்தின் தாய்ச் செடி! அதன் விதையிலிருந்தும் கிழங்கிலிருந்தும் எடுக்கும் கோல்சிசின், கால் பெருவிரலில் யூரிக் அமிலப் படிகம் சேர்ந்து நள்ளிரவில் அலறவைக்கும் ‘கவுட்’ வலிக்குக் கைகண்ட மருந்து. படிகத்தை நோக்கி ஓடும் வெள்ளை அணுக்களின் உள்கூட்டைக் குலைத்து, அவற்றின் நடமாட்டத்தையே தடுத்துவிடும். 1820-ல் பிரான்ஸில் வேறொரு செடியிலிருந்து முதலில் பிரித்தெடுத்தார்கள். மூலனூர், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சிப் பக்கம் இதைக் கண்வலிக்கிழங்கு என்று சொல்லிக் கம்பிப் பந்தலில் ஏற்றிப் பயிரிடுகிறார்கள். காலை வேளையில் பூப்பூவாகப் போய் மகரந்தத்தைக் கையால் தொட்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காய் சரியாகப் பிடிக்காது. விதை ஏற்றுமதியாகி, மருந்தாகும். 2023 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, 0.5 மில்லிகிராம் கோல்சிசினை மாரடைப்புத் தடுப்புக்கும் அனுமதித்தது. இதயக் குழாய் அடைப்பிலும் அழற்சிக்குப் பங்கு உண்டு என்பது அதன் பின்னணி. இத்தனைக்கும் செடி முழுவதும் கடும் விஷம். வேலியோரம் பூத்திருந்தால் பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

● தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தை 2005 செப்டம்பர் 3 அன்று திறந்து வைத்தவர் பிரதமர் மன்மோகன் சிங். அங்குள்ள மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயர். பத்திரிகையாளராகவும் சிந்தனையாளராகவும் நாம் அறிந்த அயோத்திதாசர் தொழிலால் சித்த மருத்துவர். மூட்டுத் தேய்மானத்துக்கு ‘அழல் கீல் வாயு’ என்று சீட்டில் எழுதுவதை இங்கே பார்க்கலாம்.

● நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்பு மட்டும் இல்லை. வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம் சேர்த்து ஒன்பது சரக்கு. 2006-ல் சிக்குன்குனியா மூட்டுகளை முடக்கிப்போட்டபோதும், 2012 டெங்குவின்போதும் தமிழகம் கசப்போடு குடித்தது இதைத்தான். நிலவேம்பின் ஆண்ட்ரோகிராஃபோலைடு ஆய்வுக்கூடத்தில் அழற்சியைத் தணிக்கிறது. ஆனால் டெங்குவில் தட்டணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்காமல் இதை மட்டும் நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது.

● மஞ்சளின் குர்குமின் ஆய்வுக்கூடத்தில் புலி, வயிற்றில் பூனை. குடலில் உறிஞ்சப்படுவது மிகக் குறைவு. மஞ்சள்தூளில் அது சுமார் 3 சதவீதம்தான் இருக்கிறது என்பது கூடுதல் கஷ்டம். மிளகின் பைப்பரின் சேர்த்தால் ரத்தத்தில் குர்குமின் 20 மடங்கு கூடுகிறது என்று 1998-ல் கண்டவர்கள் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிக்காரர்கள். சில தன்னார்வலர்களிடம் செய்த சிறு ஆய்வு அது. அதை விளம்பரத்தில் போட்டு விற்கும் வீரிய மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் உண்டு. ரசத்தில் போடும் மஞ்சளும் மிளகும் யாரையும் எதுவும் செய்யாது. மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் முடக்கத்தான் கட்டு கிடைத்தால் தோசைக்கு அரையுங்கள். மூட்டு வலி போகுமோ இல்லையோ, தோசை நன்றாக வரும்.

● செங்கல்பட்டுத் திருமணியில் இருக்கும் மத்திய தொழுநோய் நிறுவனம், 1924-ல் தொடங்கிய லேடி வில்லிங்டன் இல்லத்திலிருந்து வளர்ந்தது. தொழுநோயில் கை கால் ஊனமாவதற்குப் பெரிய காரணம், கிருமிக்கு எதிராக உடம்பு கிளப்பும் அழற்சி. சில வாரங்களில் நரம்பு செத்துவிடும். பிரெட்னிசொலோனை உரிய நேரத்தில் கொடுத்தால் கை பிழைக்கும்.

இன்னொரு வகைத் தொழுநோய் எதிர்வினைக்குப் பயன்படும் மருந்தின் பெயரைக் கேட்டால் பழைய தலைமுறை மருத்துவர்கள் திடுக்கிடுவார்கள்: தாலிடோமைடு! கர்ப்பிணிகளுக்குக் கொடுத்து, கை கால் வளராத குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிறந்ததால் 1961-ல் விலக்கப்பட்ட அதே தூக்க மாத்திரை. 1964-ல் ஜெருசலேமில் ஜேகப் ஷெஸ்கின் என்ற மருத்துவர், வலியில் தூங்க முடியாத ஒரு தொழுநோயாளிக்கு அதைத் தூக்கத்துக்காகக் கொடுத்தார். புண்களும் வலியும் அடங்கின. இன்றும் அது கடுங்காவலோடு உலகில் இருக்கிறது. கர்ப்பமாக இருப்பவர்களிடம் மட்டும் நெருங்கவே கூடாது.

● தாம்பரத்திலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் போனால் திருக்கழுக்குன்றம். மதிய வேளையில் மலைமேல் குருக்கள் சர்க்கரைப் பொங்கலை ஏந்தி நிற்க, இரண்டு மஞ்சள்முகப் பாறுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) பறந்துவந்து தின்றுவிட்டுப் போகும் காட்சிக்காகவே அந்த ஊர் பட்சி தீர்த்தம் ஆனது. 1990-களின் பிற்பகுதியோடு வரவு நின்றுபோனது. அந்தக் காலத்தில்தான் மாட்டு வைத்தியத்தில் டைக்ளோஃபினாக் ஊசி பரவியது. வீக்கம் வடியப் போட்ட மருந்து செத்த மாட்டின் உடம்பில் தங்கும். அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் செயலிழக்கும். 2004-ல் காரணம் உறுதியானது. அதற்குள் வெண்முதுகுப் பாறுகள் 1992 முதல் 2007 வரை 99 சதவீதத்துக்கு மேல் அழிந்திருந்தன. திருக்கழுக்குன்றத்து ஜோடிக்கும் இந்த மருந்துக்கும் முடிச்சுப்போட ஆதாரமில்லை. ஆனால் மஞ்சள்முகப் பாறுகளும் அதே காலத்தில் இந்தியா முழுவதும் சரிந்தன.

மாட்டுக்கு டைக்ளோஃபினாக் 2006-லேயே தடை. மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015-ல் மத்திய அரசு மனிதக் குப்பியை 3 மில்லி அளவோடு நிறுத்தியது. மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட்டன; 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. உங்கள் இடுப்பில் போடும் ஊசிக் குப்பி சிறுத்துப்போனது பாறுகளுக்காகத்தான். மாடு வளர்ப்பவர்கள் மெலாக்சிகம் கேட்டு வாங்கலாம். அது பாறுகளைக் கொல்வதில்லை.

● முடக்குவாதத்துக்கு உலகம் முழுக்க முதலில் எழுதும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரைக்குப் பின்னால் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் இருக்கிறார். எல்லாப்பிரகட சுப்பாராவ், 1895-ல் பீமாவரத்தில் பிறந்தவர். கதர் அங்கி அணிந்து வந்ததால் அறுவை சிகிச்சைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். மட்டுமே பெற்றார். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு, 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்கா போனார். அங்கே லெடர்லே ஆய்வகத்தில் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைத் தயாரித்தது. பிறகு அதற்கு எதிராக வேலை செய்யும், மெத்தோட்ரெக்சேட் உள்ளிட்ட பொருள்களை ரத்தப் புற்றுநோய்க்காக உருவாக்கியது. 1948-ல் அவர் இறந்தார். மெத்தோட்ரெக்சேட் மூட்டுக்கும் ஆகும் என்று அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1988-ல்.

முடக்குவாதத்துக்கு இந்த மாத்திரை வாரத்துக்கு ஒருமுறைதான். வேறொரு நாளில் ஃபோலிக் அமிலம் போடச் சொல்வார்கள். இரண்டும் பெரும்பாலும் மஞ்சள் நிறம், இரண்டும் சிறியவை. இடம் மாறிப்போய் மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் விழுங்கியவர்களுக்கு வாயெல்லாம் புண்ணாகி, எலும்பு மஜ்ஜை வேலைநிறுத்தம் செய்து, உயிரே போனதுண்டு. உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த மாத்திரை இருந்தால், இன்றே அட்டையின் மேல் கிழமையைப் பெரிதாக எழுதி, ஃபோலிக் அமில அட்டையை வேறு டப்பாவில் வையுங்கள்.